லோடர் பழகுறேன்: மூணு ஞாயிறு போச்சு, தரை இன்னும் அலை அலையா இருக்கு

ஞாயிறு விவசாயி, கொரட்டூர்

எல்லாருக்கும் வணக்கம். வாரம் பூரா சோழிங்கநல்லூர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற ஆள் நான். மதுராந்தகம் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன ரெண்டரை ஏக்கர் இருக்கு. போன ஆடியில செகண்ட் ஹேண்டா ஒரு சின்ன டிராக்டர் எடுத்தேன். 27 குதிரைசக்தி, நாலு வீலும் இழுக்கும். முன்னாடி உள்ளூர் பட்டறையில கட்டின லோடர், அதாவது மண்ணை அள்ளித் தூக்குற கை, பக்கெட் 7 கன அடி. ஏர் ஓட்டுறதுல பிரச்சினை இல்லை, அப்பாகிட்ட கத்துக்கிட்டது. லோடர்தான் மானத்தை வாங்குது.

தாசில்தார் அனுமதி வாங்கி ஏரி வண்டல் 4 யூனிட் கொட்டியிருக்கேன். ஐப்பசி மழைக்குள்ள பரப்பணும். பக்கெட்டைத் தரையில வெச்சுத் தள்ளினா ஒரு இடத்துல குழி விழுது, அடுத்த இடத்துல மேடு நிக்குது. திரும்பிப் பார்த்தா மெரினாவுல அலை வந்து போன மாதிரி இருக்கு. சரி பண்ணலாம்னு மறுபடி ஓட்டினா அலை இன்னும் பெருசாகுது.

ரெண்டாவது, போன வாரம் நனைஞ்ச எம்-சாண்டை நிறைய அள்ளித் தூக்கினேன். பின் சக்கரம் ரெண்டும் தரையை விட்டுக் கிளம்பிடுச்சு. ஒரு சாண் இருக்கும். உடனே இறக்கிட்டேன், ஆனா கால் நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க ஓட்டுறதைப் பார்த்தா வெண்ணெய் வழியிற மாதிரி இருக்கு. அவங்க ஒரே பெடல்ல முன்னாடி பின்னாடி போறாங்க. எனக்கு கிளட்ச், கியர், பிரேக், லீவர், ஸ்டீயரிங். கை ரெண்டுதானே இருக்கு? யாராவது முதல்ல இருந்து சொல்லிக் குடுங்க.

சும்மா பாக்க வந்தவன், மயிலாப்பூர்

ஜேசிபியை ஒரு மணி நேரம் வாடகைக்குக் கூப்பிட்டா முடிஞ்சு போற வேலை. எதுக்கு சார் மூணு ஞாயிறு?

ஞாயிறு விவசாயி

வீட்டுலயும் இதையேதான் கேக்குறாங்க.

செங்குன்றம் ஆபரேட்டர்

சார், ஜேசிபி 14 வருஷமா ஓட்றேன். மொதல்ல மண்ணுகிட்டயே போவாதீங்க. வெத்து தரையில வண்டிய நிப்பாட்டு, நியூட்ரல், ஹேண்ட் பிரேக். இன்ஜின் 1500 ஆர்பிஎம் பக்கம் வை. ஐட்லிங்ல வெச்சுகினு இழுத்தா பம்பு ஆயில கம்மியாத்தான் தள்ளும், பக்கெட்டு ஆமை மாதிரி வரும். நீ அவசரப்பட்டு இன்னும் இழுப்ப, அப்ப குதிக்கும்.

லீவர் பின்னாடி இழுத்தா தூக்கும். முன்னாடி தள்ளினா எறங்கும். இடது பக்கம் போனா பக்கெட்டு உள்ள மடங்கும். வலது பக்கம் போனா கொட்டும். இத வாயால சொல்லிகினே 10 நிமிஷம் பண்ணு. சிரிக்காத, எனக்கு எங்க ஓனர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தார்.

அப்புறம் காலி 20 லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு எடுத்து தரையில நிக்க வை. பத்தடி தள்ளி நின்னு, லோ கியர்ல மெள்ள வந்து பக்கெட்டு விளிம்பால கேனைத் தொடணும், கேன் சாயக் கூடாது. சாஞ்சா இறங்கிப் போய் நீயே நிமித்தி வெச்சிட்டு வா. பத்து தடவை ஏறி எறங்கினா தன்னால கை அடங்கிடும்.

ஞாயிறு விவசாயி

அண்ணே, என்னோடதுல இடது வலது எதிர்மாறா இருக்கே! இடது பக்கம் தள்ளினா கொட்டுது, வலது பக்கம் தள்ளினா மடங்குது. வீடியோ பார்த்துட்டு வந்து ஓட்டினா ஒவ்வொரு தடவையும் தப்பாகுதே, நமக்குத்தான் மரமண்டை போலன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

பாடி ஒர்க்‌ஷாப்

மண்டையில கோளாறு இல்லை சார், ஹோஸ்ல கோளாறு. பட்டறையில பக்கெட் சிலிண்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் வால்வுல மாத்திச் சொருகியிருக்காங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா முறையா செய்யணும். பக்கெட்டைத் தரையில இறக்கி வைங்க. இன்ஜினை நிறுத்துங்க. நிறுத்தின அப்புறம் லீவரை நாலு பக்கமும் ரெண்டு மூணு தடவை ஆட்டுங்க, உள்ள நிக்கிற பிரஷர் இறங்கிடும். அப்புறம்தான் ஸ்பானரை வைக்கணும்.

இன்னொண்ணு சொல்லிடுறேன். ஹோஸ்ல எங்கயாவது கசியுதான்னு கையால தடவிப் பாக்காதீங்க. ஊசி முனை அளவு ஓட்டைன்னாலும் ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகிடும். அட்டையை நீட்டிப் பாருங்க, கசிஞ்சா அட்டையில கோடு விழும்.

சும்மா பாக்க வந்தவன்

மூணு வாரமா எதிர்மாறாவே பழகிட்டார். அப்படியே விட்டுட்டா என்ன? அவர் வண்டி, அவர் கை.

செங்குன்றம் ஆபரேட்டர்

அதான் தப்பு வாத்யாரே. நாளைக்கு வேற வண்டியில ஏறுவாரு, இல்ல இவர் வண்டியில வேற ஆளு ஏறுவான். பதட்டத்துல கை பழசத்தான் பண்ணும். தல மட்டத்துல பாரம் நிக்கும்போது மடக்கறதுக்கு பதிலா கொட்டினா கீழ நிக்கறவன் கதி இன்னா? இப்பவே மாத்திடு சார்.

பாடி ஒர்க்‌ஷாப்

அது இருக்கட்டும், நான் கேக்க வந்தது வேற. பின் சக்கரம் தூக்கிச்சுன்னு சொன்னீங்களே, அப்ப பின்னாடி என்ன மாட்டியிருந்தீங்க?

ஞாயிறு விவசாயி

ஒண்ணும் இல்லை சார். வண்டி லேசா இருக்கட்டும்னு பின்னாடி மாட்டுற, மண்ணைக் கிளறுற ரொட்டேவேட்டரைக் கழட்டி வெச்சுட்டேன்.

பாடி ஒர்க்‌ஷாப்

அங்கதான் வினை. பக்கெட் முன் சக்கரத்துக்கும் முன்னால நிக்குது. அதுல பாரம் ஏறினா முன் அச்சு மேல வண்டியே சாய ஆரம்பிக்கும். பின்பக்கத்தை அமுக்கிப் பிடிக்க ஒரு எடை வேணும்.

கணக்கையும் பாத்துடலாம். 7 கன அடின்னா 200 லிட்டர் பக்கம். நனைஞ்ச மணல் ஒரு கன மீட்டர் 1900 கிலோ வரும். மட்டமா அள்ளினாலே 370 கிலோவுக்குக் குறையாது, நீங்க குமிச்சு வேற அள்ளியிருப்பீங்க. இந்த சைஸ் லோடர்ல 350, 400 கிலோ தூக்கும்னு சொல்றாங்கன்னா, அது பெரும்பாலும் பக்கெட் மாட்டுற இரும்பு ஆணிகிட்ட அளந்த கணக்கு. பக்கெட்டோட சொந்த எடையை அதுல கழிக்கணும். மண்ணு நிக்கிறது அந்த ஆணிக்கும் இன்னும் முன்னால, அதுக்கும் குறையும். உயரத் தூக்கத் தூக்க அதுலயும் குறையும். நனைஞ்ச எம்-சாண்ட் உங்களுக்கு அரை பக்கெட்தான் சார். காஞ்ச எருன்னா நிறையவே அள்ளிக்கலாம், மணல்ல பாதி எடை கூட வராது.

பழைய வண்டிக்காரர், உத்திரமேரூர்

தம்பி, உங்க அப்பாவுக்கு மாட்டு வண்டி இருந்திருந்தா இதைச் சொல்லியிருப்பார். முன்பாரம் ஏறினா மாட்டுக் கழுத்து ஒடியும், பின்பாரம் ஏறினா நுகத்தடி தூக்கும். நெல்லு மூட்டை ஏத்தறப்ப நுகத்தடியைக் கையால தூக்கிப் பாத்துத்தான் அடுத்த மூட்டையை எங்க வைக்கலாம்னு சொல்லுவோம். உங்க வண்டியில இப்ப மொத்தமும் முன்பாரம். கழுத்து ஒடியறதுக்கு மாடு இல்லை, முன் அச்சு இருக்கு. ரெண்டுக்கும் வாய் கிடையாது.

ஞாயிறு விவசாயி

ஐயா, இதை எழுதி டேஷ்போர்டுல ஒட்டிக்கிறேன்.

வேளச்சேரி சிவில்

பின் டயர்ல முக்கால் வாசி தண்ணி நிரப்பிக்கலாமே? காசு செலவே இல்லை. வீடியோல உறையாம இருக்க ரசாயனம் கலக்கச் சொல்லுவாங்க, அது பனி பெய்யுற ஊருக்கு. செங்கல்பட்டு மாவட்டத்துல எந்தக் காலத்துல தண்ணி உறைஞ்சது?

பாடி ஒர்க்‌ஷாப்

நிரப்பலாம், நல்லதுதான். ஆனா அது மட்டும் போதாது. டயர்ல இருக்குற தண்ணி பின் சக்கரத்தைத் தரையில அமுக்கும், வண்டியோட புவிஈர்ப்பு மையத்தையும் கொஞ்சம் கீழ இறக்கும். ஆனா முன் அச்சு மேல ஏறுன பாரத்தைக் குறைக்காது. பின் அச்சுக்குப் பின்னால தொங்குற எடைதான் முன்னால இருக்குறதை நெம்பித் தூக்கும். இவர்கிட்ட ரொட்டேவேட்டர் இருக்கு, அதை மாட்டிக் கொஞ்சம் தூக்கி வெச்சாலே போதும். பிடிஓ, அதாவது ரொட்டேவேட்டரைச் சுத்த வைக்கிற தண்டு, அது மட்டும் ஆஃப்ல இருக்கணும்.

வேளச்சேரி சிவில்

சரி, ஏத்துக்கிறேன். ஆனா ரொட்டேவேட்டர் நீளமா நிக்கும், குறுகலான இடத்துல ரிவர்ஸ் எடுக்குறப்ப வேலியை இடிக்கும். அதுக்கு ஒரு வழி சொல்றேன். 200 லிட்டர் இரும்பு டிரம்மைப் பாதியா அறுத்து கான்கிரீட் போடுங்க. 100 லிட்டர் கான்கிரீட் 240 கிலோ. ஊத்தறதுக்கு முன்னாடியே, வண்டிக்குப் பின்னாடி கருவி மாட்டுற மூணு கையில கீழ் லிங்க் ரெண்டையும் மாட்ட குறுக்கே ஒரு கனமான தண்டு, மேல டாப் லிங்க்குக்கு ஒரு காது, ரெண்டையும் கம்பியோட சேர்த்து வெல்டு பண்ணி வெச்சுடணும். 7 நாளாவது தண்ணி ஊத்துங்க. அவசரப்பட்டு மூணாம் நாளே தூக்கிட்டு வந்து இங்க புலம்பாதீங்க.

ஆரணியாத்துக்காரி, பெரியபாளையம்

தம்பி, எல்லாரும் லீவரையும் எடையையும் பேசிட்டாங்க. உங்க அலையைப் பத்தி யாரும் பேசலையே.

அது ஏன் வருதுன்னா, பக்கெட் தோண்டின பள்ளத்துல முன் சக்கரம் இறங்கும். சக்கரம் இறங்கினா பக்கெட்டும் கூடவே இறங்கி இன்னும் ஆழமாத் தோண்டும். நீங்க பயந்து தூக்குவீங்க, மேடு விழும். அந்த மேட்டுல சக்கரம் ஏறும், பக்கெட் மேல போயிடும், அதைப் பார்த்து மறுபடி இறக்குவீங்க. நீங்க போட்ட பள்ளத்துலயே நீங்க ஏறி இறங்குறீங்க, வேற ஒண்ணும் இல்லை. நானும் ஒரு வருஷம் இப்படித்தான் கொல்லையைக் கோணலாக்கி வெச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் வரப்புல நின்னு சிரிப்பார். அவருக்கு டிராக்டரே ஓட்டத் தெரியாது, அது வேற விஷயம்.

முன்னாடி போறப்ப சமப்படுத்தப் பாக்காதீங்க. மண்ணை அள்ளி அங்கங்க சின்னச் சின்னக் குவியலாப் போடுங்க. அப்புறம் ஃப்ளோட்ல போட்டு ரிவர்ஸ்ல இழுங்க. ஃப்ளோட்னா, லீவரை முன்னாடி கடைசி வரைக்கும் தள்ளினா டொக்குனு ஒரு இடத்துல மாட்டி நிக்கும். பக்கெட் தன் எடையில தரை மேல தவழும், தரை ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, பக்கெட் மேல நிக்கிறப்ப அந்த இடத்துக்குப் போனா பொத்துனு விழுந்துடும். தரையில இறக்கின அப்புறம்தான் ஃப்ளோட்.

ஞாயிறு விவசாயி

அக்கா, இப்பதான் நிலத்துல இருந்து எழுதுறேன். எவ்வளவு தள்ளினாலும் டொக்கு வரலை. இன்னும் அமுக்கினா முன் சக்கரமே தூக்குது, ஸ்டீயரிங் காத்துல சுத்துது.

பாடி ஒர்க்‌ஷாப்

அப்ப உங்க வால்வுல ஃப்ளோட் இல்லை. அதுக்கு மேல அமுக்காதீங்க, பக்கெட் தரையை அழுத்தி வண்டி மூக்கைத் தூக்கத்தான் செய்யும். ஃப்ளோட் இருக்குற வால்வா மாத்தலாம், ஆனா செலவு.

ஆரணியாத்துக்காரி

எதுக்குச் செலவு? பரம்பு எதுக்கு இருக்கு? நாத்தங்காலுக்கு மாடு கட்டி பரம்படிச்ச ஊரு இது. இரும்பு பரம்பு ஒண்ணு வாங்கிப் பின்னாடி மூணு பாயிண்ட்ல மாட்டுங்க. பின் சக்கரம் அமுக்கிட்டுப் போன இடத்துல பரம்பு வரும், அலையே எழாது. லோடர் சுமக்குறதுக்கு, பரம்பு சமப்படுத்துறதுக்கு. ஒரே சாமானை வெச்சு ரெண்டும் பண்ணப் போயித்தான் மூணு ஞாயிறு போச்சு உங்களுக்கு.

ஞாயிறு விவசாயி

பரம்பு அப்பா காலத்துதே கொட்டாயில கிடக்கு அக்கா. துருப்பிடிச்சு, கோழி முட்டை வெச்சிருக்கு.

செங்குன்றம் ஆபரேட்டர்

முட்டைய எடுத்துட்டு மாட்டு சார்.

கிளட்ச் விஷயம் கேட்டீங்களே. குவியலாண்ட போறதுக்கு முன்னாடியே லோ கியர் போட்டுடு, நாலு வீல் போட்டுடு. பக்கெட்டு தரைக்கு மட்டமா இருக்கணும், மூக்கு குத்தினா தோண்டும், மூக்கு தூக்கினா மேல ஏறி வழுக்கும். நேரா உள்ள பூந்துடு, கோணலா போவாத. சக்கரம் வழுக்கப் போவுதுன்னு தெரிஞ்சதும் கிளட்ச்சை முழுசா அமுக்கு. பாதி அமுக்கிகினு முக்கிகினு நிக்காத, பிளேட்டு கருகுற வாசனை வரும், அது காசு வாசனை. இப்ப இடது பக்கம் மடக்கு, அப்புறம்தான் தூக்கு. புதுசா ஓட்றவன் எல்லாம் மொதல்ல தூக்கப் பாப்பான். மடக்குற சிலிண்டருக்குத்தான் மண்ண பேத்து எடுக்குற தெம்பு ஜாஸ்தி. எடுத்தப்புறம் தரையில இருந்து ஒரு அடி ஒசரத்துல வெச்சுகினு ரிவர்ஸ் வா. கொட்ற எடத்தாண்ட போய் நின்னுட்டுத்தான் மேல தூக்கணும்.

பாரத்தோட நிக்கறப்ப ஸ்டீயரிங்கை ஒடிக்காத. கொஞ்சம் உருளட்டும், அப்புறம் திருப்பு. லீவர் கடைசி வரைக்கும் வந்து கீய்ன்னு கத்துச்சின்னா விட்டுடு. பிரஷர் ஏறிப்போனா ஆயில திருப்பி விடுற ரிலீஃப் வால்வு அழுவுது, ஆயில் சூடாவும்.

பாடி ஒர்க்‌ஷாப்

ரெண்டு பிரேக் பெடலையும் இணைக்கிற கொக்கியைப் போட்டு வைங்க. உழவுல திரும்பறதுக்குப் பிரிச்சு வெச்சிருப்பீங்க. லோடர் வேலையில ஒரு பக்க பிரேக் பிடிச்சா ஆள் அம்பேல்.

ஆரணியாத்துக்காரி

பிரேக்னதும் ஞாபகம் வந்துச்சு. இதைச் சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஏரிக்கரை மேல இருந்து எரு ஏத்திக்கிட்டு நேரா கீழ இறங்கினேன். நாலு வீல் போடலை, டீசல் மிச்சம்னு. பாதிக்கு வந்ததும் வண்டி வேகம் எடுத்துச்சு. பிரேக்கை மிதிச்சேன், பின் சக்கரம் ரெண்டும் நின்னுபோச்சு, ஆனா வண்டி நிக்கலை. சருகு மேல சறுக்குற மாதிரி போகுது. பாரம் எல்லாம் முன்னால, பின்னால எடையே இல்லை, நம்ம வண்டிகள்ல பிரேக் பின் சக்கரத்துலதானே இருக்கு. சட்டுனு பக்கெட்டைத் தரையில இறக்கினேன். அது கலப்பை மாதிரி மண்ணைக் கீறிக்கிட்டுப் போய், கருவேல மரத்துக்கு நாலடி முன்னால நின்னுச்சு. இன்னைக்கும் அந்தக் கீறல் கரையில இருக்கு, மழைத் தண்ணி அதுலதான் ஓடுது.

அதுல இருந்து பாரத்தோட சரிவுல இறங்குறதுன்னா ரிவர்ஸ்லதான். பக்கெட் எப்பவும் மேட்டுப் பக்கம். நாலு வீல் போட்டே இருக்கணும், அப்பதான் பின்னாடி பிடிச்ச பிரேக் முன் சக்கரத்துக்கும் போகும். சரிவுல குறுக்கே ஓட்டவே ஓட்டாதீங்க. தலைக்கு மேல, வண்டி கவுந்தா நசுங்காமக் காப்பாத்துற வளைவுக் கம்பி இருந்தா சீட் பெல்ட் கட்டணும். வளைவு இல்லாத வண்டியில பெல்ட் கட்டாதீங்க, கவுந்தா அது உங்களை அடியில பிடிச்சு வெச்சுக்கும்.

ஞாயிறு விவசாயி

படிச்சு முடிச்சதும் கை ஜில்லுனு ஆயிடுச்சு அக்கா. எங்க நிலத்துல கிணத்து மேட்டுப் பக்கம் ஒரு சரிவு இருக்கு. அங்கதான் போன வாரம் நேரா இறங்கினேன்.

சும்மா பாக்க வந்தவன்

கிண்டல் பண்ணினதை வாபஸ் வாங்குறேன். ஒரு உருப்படியான கேள்வி: இதை முறையா சொல்லிக் குடுக்குற இடம் எதுவும் இல்லையா?

வேளச்சேரி சிவில்

மத்திய அரசோட பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் நமக்குக் கிட்ட இருக்குறது ஆந்திராவுல, அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில. விவசாயிகளுக்கும் பயிற்சி நடத்துறாங்க. இங்கயே விசாரிக்கணும்னா நந்தனத்துல வேளாண்மைப் பொறியியல் துறை தலைமை அலுவலகம் இருக்கு, மாவட்டத்துலயும் அவங்க அலுவலகம் உண்டு. இ-வாடகை செயலியில அவங்க இயந்திரங்களை மணிக் கணக்குல வாடகைக்கும் எடுக்கலாம். வர்ற ஆபரேட்டர் வேலை செய்யுறதைப் பக்கத்துல நின்னு பாத்தாலே பாதிப் பாடம்.

செங்குன்றம் ஆபரேட்டர்

பக்கத்துல இல்ல சார், தள்ளி நின்னு.

அப்புறம் ஒண்ணு. மாங்கா சீசன்ல பக்கெட்டுல பசங்கள ஏத்தி தூக்கி பறிக்கறத நெறைய தோப்புல பாத்துகீறேன். ஒரு ஹோஸ் வெடிச்சா போதும். பக்கெட்டுல மனுஷன் ஏறக் கூடாது, தூக்கி நிக்கற பக்கெட்டுக்குக் கீழ போவவும் கூடாது. மோட்டார் கொட்டாய்க்குப் போற கரண்டு கம்பி தொங்குதா, அதையும் மேல பாத்துக்கோ. வேலை முடிஞ்சா பக்கெட்டு தரையில படுக்கணும்.

ஞாயிறு விவசாயி

மூணு வாரம் கழிச்சு வர்றேன். மன்னிக்கணும், பரனூர் டோல்கேட் வரிசையிலயே பாதி ஞாயிறு போயிடுது.

ஹோஸை மாத்தினேன். முதல் நாள் நரகம். கை பழைய பக்கமே போகுது, எம்-சாண்டை ரெண்டு தடவை முன் சக்கரத்து மேலயே கொட்டிக்கிட்டேன். அண்ணன் சொன்ன மாதிரி வாய் விட்டுச் சொல்லிட்டே பண்ணினேன். பக்கத்து நிலத்துக்காரர் வந்து, யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்கன்னு கேட்டார்.

கேன் பரீட்சையில முதல் ஞாயிறு 23 தடவை சாஞ்சுது. ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போச்சு. அடுத்த ஞாயிறு 6. நேத்து ஒரு தடவை கூட சாயலை. பக்கெட் விளிம்பு கேன் மேல பட்டுச்சு, காலி கேன்தானே, டப்புனு ஒரு சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இறங்கிப் போய் கேனைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்துச்சு.

அரை டிரம் கான்கிரீட் போட்டு 9 நாள் தண்ணி ஊத்தினேன். மாட்டின அப்புறம் அதே எம்-சாண்ட், அரை பக்கெட். பின் சக்கரம் அசையக் கூட இல்லை. கிணத்து மேட்டுல ரிவர்ஸ்லதான் இறங்குறேன். கழுத்து வலிக்குது, பரவாயில்லை.

மண்ணைச் சின்னக் குவியலாப் போட்டு அப்பா பரம்பைக் கட்டி ரெண்டு சால் ஓட்டினேன். சாயந்திரம் வெயில் சாஞ்சு அடிக்கிறப்ப வரப்புல உக்காந்து பாத்தேன். கிழக்கு மூலையில ஒரே ஒரு அலை மட்டும் இருக்கு. அதை அப்படியே விட்டுட்டேன், முதல் ஞாயிறு போட்டது. கோழி வேற இடத்துல முட்டை வெச்சிருக்கு.

செங்குன்றம் ஆபரேட்டர்

சூப்பர் சார். இப்ப கேனுக்குள்ள பாதி தண்ணி ஊத்தி, பக்கெட்டு உள்ள நிக்க வெச்சுத் தூக்கி எறக்கு. சாயாம வந்தா சொல்லு.

ஞாயிறு விவசாயி

மூடி போட்டா, போடாமலா அண்ணே?

செங்குன்றம் ஆபரேட்டர்

போடாம.